பழைய லேப்டாப்பில் ஃபைல் காப்பி ஆகலையா? ஸ்கிரீனில் வரும் மெசேஜுக்கு என்ன அர்த்தம்? முழு விளக்கம்

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி டவுன்ஷிப் என கடலூர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும், பல வீடுகளில் பீரோ மேல் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். பிள்ளைகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. பேட்டரி எப்போதோ போயிருக்கும். சார்ஜரை மாட்டினால் மட்டும் ஆன் ஆகும்.

ஆனால் உள்ளே இருப்பது வேறு எங்கேயும் கிடைக்காது. அக்கா கல்யாண வீடியோ, தாத்தாவின் கடைசி போட்டோ, ஸ்கேன் செய்து வைத்த பத்திரம், மார்க் ஷீட் எல்லாம் அதில்தான். "பென் டிரைவ்ல போட்டு வெச்சுக்கலாம்" என்று ஒருநாள் உட்கார்ந்தால், பாதியிலேயே காப்பி நிற்கிறது. ஏதோ ஒரு எரர் மெசேஜ். கேன்சல் கொடுத்துவிட்டு மறுபடி முயற்சி செய்தால் அதே இடத்தில் அதே மெசேஜ்.

இது ஒரே பிரச்சனை இல்லை. குறைந்தது பத்து வெவ்வேறு பிரச்சனைகள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி தெரிகின்றன. எது என்பதை அந்த மெசேஜே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏன் இப்போது காப்பி எடுக்க வேண்டும்?

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. எல்காட் நிறுவனம் வழியாக லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. முதல் ஆண்டில் வாங்கியவர்களுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. லேப்டாப்புக்கும் வயதாகிவிட்டது. சுழலும் தட்டு கொண்ட அந்தக் கால ஹார்டு டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம்.

இன்னொரு பக்கம், அதில் இருக்கும் இயங்குதளமும் ஓய்வு பெற்றுவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10-ம் தேதியும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதி வழக்கமான ஆதரவு முடிந்தது. கூகுள் குரோம் பிரவுசரும் 109-வது பதிப்போடு விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. அதனால் "நெட்ல ஏத்திடலாம்" என்பதும் பழைய லேப்டாப்பில் சுலபம் இல்லை. பென் டிரைவ் அல்லது வெளி ஹார்டு டிஸ்க்தான் நம்பகமான வழி.

தானே புயல் 2011 டிசம்பர் 30-ம் தேதி கடலூர் பக்கம் கரை கடந்ததை இந்த மாவட்டம் மறக்காது. முந்திரியும் பலாவும் சாய்ந்தன, வீடுகள் நனைந்தன, பீரோவில் இருந்த ஆல்பங்களும் நனைந்தன. அப்படி ஆல்பம் போன வீட்டில் லேப்டாப்பில் இருக்கும் போட்டோதான் மிச்சம். அதற்கும் ஒரே ஒரு காப்பிதான் என்றால், அது பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

முதல் விதி: முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

பலர் செய்யும் தவறு இதுதான். லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது என்று முதலில் அதைச் சரி செய்யப் பார்ப்பார்கள். ஆன்டி வைரஸ் போட்டு முழு ஸ்கேன் ஓட்டுவார்கள், டிஸ்க் செக் ஓட்டுவார்கள். சாகும் நிலையில் இருக்கும் ஹார்டு டிஸ்குக்கு மணிக்கணக்கில் வேலை கொடுத்தால், கிடைக்க வேண்டிய ஃபைலும் கிடைக்காமல் போகலாம்.

எனவே ஆன் செய்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் திரும்பக் கிடைக்காதவை: குடும்ப போட்டோ, வீடியோ, பத்திரங்கள், சான்றிதழ்கள். அடுத்து, நீங்களே டைப் செய்தவை. கடைசியாகத்தான் சினிமா, பாட்டு, சாஃப்ட்வேர். சினிமா எங்கேயும் கிடைக்கும், தாத்தா போட்டோ கிடைக்காது.

'மை டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' மட்டும் பார்த்தால் போதாது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ் எல்லாவற்றையும் பாருங்கள். நம்மில் பெரும்பாலானோர் டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில்தான் எல்லாவற்றையும் வைத்திருப்போம்.

'கட்' கொடுக்காதீர்கள், 'காப்பி' மட்டும் கொடுங்கள். கட் செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்தால், விண்டோஸ் முதலில் காப்பி எடுத்துவிட்டு அசலை அழிக்கும். நடுவில் கரண்ட் போனால் சில ஃபைல் இங்கே, சில ஃபைல் அங்கே என்று சிதறிவிடும். நெய்வேலியில் மின்சாரம் உற்பத்தி ஆனாலும், பக்கத்து ஊரில் கரண்ட் கட் ஆகத்தான் செய்கிறது. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் இன்வெர்ட்டர் இருக்கும் ரூமில் வைத்து காப்பி எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் 'செலக்ட் ஆல்' கொடுக்காமல், ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். எக்ஸ்பியில் ஒரு ஃபைலில் எரர் வந்தால் மொத்த காப்பியும் நின்றுவிடும். விண்டோஸ் 7-ல் 'ஸ்கிப்' கொடுத்து அடுத்த ஃபைலுக்குப் போகலாம்.

இனி, ஒவ்வொரு மெசேஜாகப் பார்ப்போம்.

1. 'ஃபைல் இஸ் டூ லார்ஜ் ஃபார் தி டெஸ்டினேஷன் ஃபைல் சிஸ்டம்'

32 ஜிபி பென் டிரைவ், உள்ளே ஒன்றுமே இல்லை. 5 ஜிபி கல்யாண வீடியோவைப் போட்டால் இடம் போதாது என்பது போல மெசேஜ் வரும். இடம் இருக்கிறதே?

பிரச்சனை இடம் இல்லை. அந்த பென் டிரைவ் 'ஃபேட் 32' என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. நூறு சின்ன ஃபைல் போகும், ஒரு பெரிய ஃபைல் போகாது.

தீர்வு: பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட்' போய், 'எக்ஸ்ஃபேட்' அல்லது 'என்டிஎஃப்எஸ்' தேர்வு செய்யுங்கள். விண்டோஸ் 7-ல் எக்ஸ்ஃபேட் நேரடியாக வேலை செய்யும். எக்ஸ்பியில் அதற்குத் தனி அப்டேட் வேண்டும் என்பதால் என்டிஎஃப்எஸ் நல்லது. ஃபார்மட் செய்வது பென் டிரைவைத்தானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள்.

2. 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்'

இருப்பதிலேயே சீரியஸான மெசேஜ் இதுதான். சுருக்கமாக சிஆர்சி எரர் என்பார்கள். டிஸ்கில் எழுதிய ஒவ்வொரு பகுதியோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் சேர்ந்தே பதிவாகும். திரும்பப் படிக்கும்போது கணக்கு ஒத்துவரவில்லை என்றால், அந்த இடத்தில் டிஸ்க் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பேட் செக்டார் என்பது இதைத்தான். கீறல் விழுந்த பழைய கல்யாண சிடி, டிவிடியிலும் இதே எரர் வரும்.

தீர்வு: அந்த ஃபைலை ஸ்கிப் செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் முதலில் எடுங்கள். ஒரே ஃபைலில் திரும்பத் திரும்ப 'ட்ரை அகெய்ன்' கொடுத்தால் டிஸ்க்தான் சோர்ந்துபோகும். மற்றதெல்லாம் பத்திரமான பிறகு, அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை முயற்சிக்கலாம்.

கமாண்ட் எழுதப் பழகியவர்களுக்கு விண்டோஸ் 7-லேயே 'ரோபோகாப்பி' என்ற கருவி இருக்கிறது. எரர் வந்தால் தாண்டிப் போய் மற்றதைக் காப்பி எடுக்கும். ஆனால் ஒரு விஷயம்: அதை அப்படியே ஓட்டினால் கெட்ட ஃபைல் ஒன்றுக்கு 10 லட்சம் தடவை, 30 விநாடிக்கு ஒருமுறை முயற்சி செய்யும். ரீட்ரை எண்ணிக்கையை 1 என்றும், காத்திருக்கும் நேரத்தை 1 விநாடி என்றும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், 'செக் நவ்' போனால் டிஸ்க் சரிபார்ப்பு வரும். இதைக் காப்பி எல்லாம் முடிந்த பிறகுதான் தொட வேண்டும்.

சிடி, டிவிடி என்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஒரு டிரைவில் படிக்காத டிவிடி வேறு டிரைவில் படிப்பதும் உண்டு.

கவனிக்க: டிஸ்கில் இருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அதற்கு மேல் வீட்டில் முயற்சி வேண்டாம். டேட்டா ரெகவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும்.

3. 'ஆக்சஸ் டினைட்' அல்லது 'யூ நீட் பெர்மிஷன்'

லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியவர்களுக்கு அதிகம் வரும் மெசேஜ். விண்டோஸைப் பொறுத்தவரை அந்த ஃபோல்டரின் ஓனர் பழைய லேப்டாப்பில் இருந்த யூசர். நீங்கள் வேறு ஆள்.

தீர்வு: முதலில் 'கன்டினியூ' பட்டனை அழுத்திவிட்டுப் பொறுமையாக இருங்கள். பெரிய ஃபோல்டர் என்றால் சில நிமிடம் ஆகும். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபோல்டர் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் என்று போய் உங்கள் யூசர் பெயரைத் தேர்வு செய்து, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து மாற்றும் டிக் பாக்ஸையும் தேர்வு செய்யுங்கள்.

ஃபைல் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அது என்கிரிப்ட் செய்த ஃபைல். பழைய லேப்டாப்பில், அதே யூசரில் நுழைந்துதான் எடுக்க முடியும். அந்த லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டால் கதை முடிந்தது.

4. 'ஃபைல் நேம் வுட் பி டூ லாங்'

ஃபைலின் பெயர் மட்டும் இல்லை, அது இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களையும் சேர்த்து மொத்தம் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விண்டோஸின் கட்டுப்பாடு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் 'நியூ ஃபோல்டர் 2' என்று போகும்போது எல்லை தாண்டிவிடும்.

தீர்வு: வெளியே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரை ஒன்று, இரண்டு என்று சுருக்குங்கள். காப்பி போகும்.

5. 'ஃபைல் இன் யூஸ்'

அந்த ஃபைலை ஏதோ ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது. வேர்டு, வீடியோ பிளேயர் எல்லாவற்றையும் மூடுங்கள். அப்படியும் வந்தால் ரீஸ்டார்ட் செய்து, எதையும் திறக்காமல் காப்பி கொடுங்கள்.

6. 'டிஸ்க் இஸ் ரைட் ப்ரொடெக்டட்'

மெமரி கார்டு என்றால் ஓரத்தில் சின்ன லாக் இருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். லாக் இல்லாத பென் டிரைவில் இது வந்தால், பெரும்பாலும் அந்த பென் டிரைவின் ஆயுள் முடிகிறது. உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு புதிதாக வாங்குவதே நல்லது.

7. மெசேஜே இல்லை, ஆனால் நகரவே இல்லை

'கால்குலேட்டிங்' என்று வந்து அப்படியே நிற்கிறதா? பொறுங்கள். ஆயிரக்கணக்கான சின்ன போட்டோக்கள் இருந்தால் விண்டோஸ் முதலில் எண்ணி முடிக்க வேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழைய லேப்டாப்பின் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் விநாடிக்கு 30 எம்பி வேகம் கிடைத்தால், 40 ஜிபி காப்பி ஆக சுமார் 22 நிமிடம். சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் இன்னும் அதிகம். எக்ஸ்பி காலத்து கம்ப்யூட்டரில் யூஎஸ்பி 1.1 போர்ட் என்றால் விநாடிக்கு 1 எம்பிதான். அதே 40 ஜிபிக்கு 11 மணி நேரம் ஆகும். அது ரிப்பேர் இல்லை, அதன் வேகமே அவ்வளவுதான்.

நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் பென் டிரைவ் தெரியவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் கறுப்பு போர்ட்டில் மாட்டுங்கள். விண்டோஸ் 7-ல் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் கூடவே வராது, தனியாகப் போட வேண்டும்.

8. பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். இது வைரஸ் வேலை. அந்த ஷார்ட்கட்டை கிளிக் செய்யாதீர்கள். செய்தால் வைரஸ் லேப்டாப்புக்கும் வந்துவிடும்.

பெரும்பாலும் ஃபைல்கள் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' போய், மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, இயங்குதளத்தின் பாதுகாக்கப்பட்ட ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். மங்கலாக ஃபோல்டர்கள் தெரியும். போட்டோ, டாக்குமென்ட்களை மட்டும் காப்பி எடுத்துவிட்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

9. போனில் இருந்து லேப்டாப்புக்கு வரவில்லை

கேபிள் மாட்டினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறதா? போனின் நோட்டிஃபிகேஷனில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்வு செய்யுங்கள். அந்த ஆப்ஷனே வரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும்தான். ஐந்நூறு போட்டோவை மொத்தமாகக் கொடுக்காமல் ஐம்பது ஐம்பதாக எடுத்தால் நடுவில் அறுந்துபோகாது.

10. வைஃபை வழியாக ஷேர் ஆகவில்லை

எக்ஸ்பி கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டர் புதிய விண்டோஸ் 10 அல்லது 11 லேப்டாப்பில் திறக்காது. எக்ஸ்பிக்குத் தெரிந்த 'எஸ்எம்பி 1' என்ற பழைய முறையைப் புதிய விண்டோஸ் வழக்கமாக வைத்துக்கொள்வதில்லை. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை மறுபடி ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். பென் டிரைவே போதும்.

காப்பி ஆச்சு, ஆனா தமிழ் எழுத்து வரலையே?

பழைய லேப்டாப்பில் டைப் செய்த கடிதம், கோயில் திருவிழா நோட்டீஸ், கவிதை எல்லாம் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறதா? ஃபைல் கெடவில்லை. பயந்து டெலீட் செய்துவிடாதீர்கள்.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருந்தன. பாமினியில் 'அம்மா' என்று டைப் செய்தால், கம்ப்யூட்டர் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். அந்த ஃபான்ட் இருக்கும் வரை 'அம்மா' தெரியும். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் குறிகள் மட்டும் தெரியும். தமிழுக்கு யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-ல் அதிகாரப்பூர்வமாக ஏற்றது. அதற்குப் பிறகும் பழைய ஃபான்ட்களில் டைப் செய்வது பல இடங்களில் தொடர்ந்தது.

தீர்வு: டாக்குமென்ட்களோடு சேர்த்து, பழைய லேப்டாப்பின் சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் அந்தத் தமிழ் ஃபான்ட்டையும் காப்பி எடுத்துவிடுங்கள். எந்த ஃபான்ட் என்பதைப் பழைய லேப்டாப்பில் வேர்டு ஃபைலைத் திறந்து பார்த்து ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இலவச எழுத்துரு மாற்றிகள் மூலம் யூனிகோடுக்கு மாற்றலாம். ஃபான்ட் பெயர் தெரியாவிட்டால் மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

இன்னொன்று: தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை விண்டோஸ் 7-லேயே ஜிப் செய்யப் பார்த்தால் மறுத்துவிடும். ஜிப் செய்யாமல் அப்படியே காப்பி எடுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால் 'செவன் ஜிப்' என்ற இலவச சாஃப்ட்வேர் உதவும்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால்?

விண்டோஸ் போனால் ஃபைலும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. தொடக்கத்தில் கொடுத்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆன் செய்யும்போது இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் திரை வந்தால், லினக்ஸில் நுழைந்து அங்கிருந்தே பென் டிரைவுக்கு காப்பி எடுக்கலாம். அந்தத் திரை இல்லை என்றால், பென் டிரைவில் போட்ட ஏதாவது ஒரு லினக்ஸில் 'லைவ்' முறையில் ஆன் செய்யலாம். இதில் லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. 'இன்ஸ்டால்' என்ற பட்டனை மட்டும் தொடாதீர்கள்.

அதுவும் முடியாவிட்டால், ஹார்டு டிஸ்கைக் கழற்றி 'சாட்டா டு யூஎஸ்பி' கேபிள் வழியாக வேறு லேப்டாப்பில் மாட்டலாம். சர்வீஸ் கடையில் கொடுத்தால் முதல் வார்த்தையே இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, ஃபார்மட் பண்ணிடாதீங்க. லேப்டாப் ஓடலைனாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கிற போட்டோதான் வேணும்." இதைச் சொல்லாமல் "சரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் கொடுத்தால், விண்டோஸைப் புதிதாகப் போட்டுச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

காப்பி முடிந்ததா? உறுதி செய்வது எப்படி?

பச்சைக் கோடு நிறைந்து பாக்ஸ் மறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கையும் 'சைஸ்' எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறுபடலாம், அது பிரச்சனை இல்லை.

'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து பென் டிரைவை எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலைந்து போட்டோவையும் ஒரு வீடியோவையும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

மிக மலிவாக '1 டிபி', '2 டிபி' என்று விற்கும் பென் டிரைவ்களில் ஜாக்கிரதை. உள்ளே சில ஜிபி மட்டும் இருக்கும், கம்ப்யூட்டரிடம் அதிகமாகப் பொய் சொல்லும். காப்பி ஆனதாகவே காட்டும், ஆனால் ஃபைல் திறக்காது. வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

சரிபார்த்த பிறகு இன்னொரு காப்பியும் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ வீட்டில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். ஒரே பீரோவில் இரண்டு பென் டிரைவ் இருந்தால், வெள்ளம் வரும்போது இரண்டும் சேர்ந்தே நனையும்.

இத்தனையும் முடிந்த பிறகு அந்த லேப்டாப்பை ஃபார்மட் செய்யலாம், எடைக்கும் போடலாம். அதுவரை அது பீரோ மேலேயே இருக்கட்டும்.